கல்லறைத் தோட்டத்தை மெதுவாகப் போகச் சொன்னது நான்தான்

ஒரகடம் அஞ்சல்,
21.8.2005, ஞாயிறு.

'சுவர வீதி' இசை மாத இதழின் ஆசிரியர் பெருந்தகை அவர்களின் மேலான சமூகத்துக்கு, ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் கோ. முனிரத்தினம் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி கிளியம்மாளும் எங்கள் எருமையும் இவ்விடம் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும், பத்திரிகையை அச்சடிப்பவர்களும், கட்டுக் கட்டித் தபாலில் சேர்ப்பவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனைக் கேட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒரே ஒரு வரிதான். தங்கள் ஆகஸ்டு இதழில் முப்பத்து நாலாம் பக்கத்தில் 'கல்லறைத் தோட்டம்' என்ற இசைக்குழுவைப் பற்றி ஒரு விமர்சனம் வந்திருக்கிறது. மூன்று வருஷம் காணாமல் போயிருந்த குழு திரும்பி வந்து 'கடைசி பஸ் போன பிறகு' என்று ஒரு சி.டி. வெளியிட்டிருக்கிறது என்றும், அது இருண்டு, கனத்து, மெதுவாக நகர்ந்து, கேட்பவரை மழை நாளின் மூட்டத்துக்குள் இழுத்துச் செல்கிறது என்றும் தங்கள் விமர்சகர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அதெல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும், "இந்த இளைஞர்கள் இனியும் அந்தத் தகரக் கொட்டகையில் முடங்கிக் கிடக்காமல் உடனே சென்னைக்குக் குடிபெயர்ந்து, முறையான ஸ்டுடியோவில், முறையான இசை ஏற்பாட்டாளர் ஒருவரின் கீழ்ப் பணியாற்ற வேண்டும்" என்று எழுதிவிட்டார். ஐயா, அந்தத் தகரக் கொட்டகை என்னுடையது. அதில் முடங்கிக் கிடப்பவர்கள் என் குடித்தனக்காரர்கள். பாட்டுப் பாடும் இசக்கிபாண்டி அந்த வரியின் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டுப் பத்திரிகையைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே அடுத்த இதழில், சென்னைக்கு வரவேண்டிய அவசியம் இல்லை, இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று ஒரு வரி திருத்தம் வெளியிடும்படி தங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று தாங்கள் கேட்பீர்கள். ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் புரியும்.

2001ஆம் வருஷம் கார்த்திகை முதல் தேதி. நான் ரிட்டையராகி வந்து, வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விடலாம் என்று ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, காய்ந்துகொண்டிருந்த சமயம். அப்போதே இந்தப் பக்கம் கம்பெனி வரத் தொடங்கிவிட்டதால் தெற்கத்திப் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் நாலு பேர் வீடு கேட்டு வருவார்கள். கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு இல்லை என்பது கிளியம்மாளின் சட்டம். "தண்ணி அட்ச்சிட்டு பொழுதனிக்கும் கெடப்பானுங்கோ, நமக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு" என்பாள். அன்று காலையில் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்று பேரும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. மழிக்காத தாடி, தோளைத் தொடுகிற முடி, கழுத்தில் மணிமாலை. மரியாதைக்காகச் செருப்பை வேறு கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். கார்த்திகை முதல் தேதி இந்தக் கோலத்தில் வந்து நிற்கிறவனை யார் என்று நினைப்பது. நான் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சாமி சரணம்" என்று கும்பிட்டேன். பாண்டி திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் நின்ற ஆசீர்வாதம்தான் முந்திக்கொண்டு "சரணம் அய்யப்பா" என்றான். அவன் பெயர் எனக்கு அப்போது தெரியாது. நாசரேத் பக்கம் மாதா கோயிலில் பதினைந்து வருஷம் ஆர்மோனியம் வாசித்தவன் என்பதும் தெரியாது. மூன்று நாளாகப் படப்பை முழுக்க வீடு தேடி அலைந்து, எல்லா வாசலிலும் கதவைச் சாத்திக்கொண்டவர்களைப் பார்த்துவிட்டு வந்தவன் வேறு என்னதான் சொல்வான் என்று இப்போது யோசித்தால் புரிகிறது.

சாமிகளுக்கு இல்லாத வீடா. சாவியை அப்போதே கொடுத்தேன். கிளியம்மாள் அன்றைக்கே வீட்டில் கவுச்சியை நிறுத்திவிட்டாள். நாற்பத்தொரு நாளும் விடியற்காலையில் அவர்களை எழுப்பி, போர் தண்ணீரில் குளிக்கவைத்து, விபூதி கொடுத்து, பொங்கலும் சுண்டலும் செய்து போட்டாள். கட்டிலில் படுக்கக்கூடாது என்று அறையில் இருந்த கட்டிலை நானே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். பையன்கள் மறுவார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று பேரும் படப்பை வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போய், பிரியாணிக் கடைக்கு எதிர்வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கன்னியப்பன் சொன்னான். இந்தக் கன்னியப்பன் எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவன். ஊரில் நடக்கிறது அத்தனையும் அவனுக்குத் தெரியும், நடக்காததும் தெரியும்.

பின்னால் எருமைக் கொட்டகை இருக்கிறதே, அதில் சாயங்காலம் கொஞ்சம் பாடிப் பழகலாமா அய்யா என்று பாண்டி கேட்டான். பஜனை பண்ணக் கேட்கிறார்கள் என்று எருமையை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டுக் கொட்டகையைச் சாணி தெளித்து மெழுகிக் கொடுத்தோம். முதல் நாள் தெருவே கற்பூரமும் பழத்தட்டுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. வனமாமலை என்கிற மூன்றாவது பையன் டிரம்மை அடிக்கத் தொடங்கினான். அவன் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ்ஸில் வேலை செய்பவன், அந்த மிஷின் அடிக்கிற மாதிரியேதான் அடிப்பான். பிறகு பாண்டி கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமினான் பாருங்கள், முன்வரிசையில் இருந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. குருசாமி மேலேயே சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னியப்பன் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பாண்டியின் முன்னால் போய் நின்று, "சாமி, எம் பையன் ரெண்டு வருசமா காண்ட்ராக்ட்லயே கீறான். கம்பெனில பர்மனென்ட் ஆவானா ஆவமாட்டானா, ஒரு வார்த்த சொல்லு சாமி" என்று கேட்டான். பாண்டியும் அந்தச் சமயம் காண்ட்ராக்ட்தான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அவன் ஏன் எருமைக் கொட்டகையில் நின்று உறுமிக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் பாட்டு நிற்கக்கூடாது என்று அதே குரலில் "ஆவான்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த மாதம் கன்னியப்பன் மகனுக்குப் பர்மனென்ட் லெட்டர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சாயங்காலமானால் எலுமிச்சம்பழத்தோடு வரிசை. ஓ.டி. கிடைக்குமா, சூப்பர்வைசர் மாறுவானா, ஷிப்ட் மாறுமா என்று பத்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தெல்லாம் வந்தார்கள். கடைசியில் தெருவே கூடி, மூன்று பேருக்கும் இருமுடி கட்டி, வேன் வைத்து மலைக்கே அனுப்பிவிட்டோம். ஆசீர்வாதமும் போனான். போய் நல்லபடியாக தரிசனம் பண்ணிவிட்டு எல்லோருக்கும் அரவணை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

தை பிறந்தது. மற்ற சாமிகளெல்லாம் மாலையைக் கழற்றி, வெள்ளைச் சட்டைக்கு மாறி, கறி தின்னத் தொடங்கிவிட்டார்கள். இவர்கள் மட்டும் அதே கறுப்பு. மாசியும் வந்தது, அதே கறுப்பு. கிளியம்மாள்தான் ஒருநாள் கேட்டாள். "இன்னா சாமி, மாலைய கழட்டலயா? இன்னும் எத்தினி நாளிக்கு நான் சுண்டல் செய்யறது?" அப்போதுதான் பாண்டி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். "மன்னிச்சிருங்கம்மா. இது எங்க பேண்டு டிரெஸ்ஸு. வீடு கெடைக்காம அலைஞ்சமா, நீங்க சாமின்னு சொல்லவும் சரின்னுட்டோம்." கறுப்பு உடுப்பு, கல்லறைத் தோட்டம் என்ற பெயர், உறுமல் எல்லாம் கோத்திக் மெட்டல் என்கிற சங்கீதத்தின் பழக்கமாம். மெட்டல் என்றால் எங்களுக்கு ரோட்டில் கொட்டுகிற ஜல்லிதான் தெரியும். வெளிநாட்டில் பழைய மாதா கோயில், மழை, கல்லறை, செத்துப்போனவர் நினைப்பு, காதல் தோல்வி எல்லாவற்றையும் சேர்த்துக் கரண்ட் கிடாரில் வாசிப்பது என்று விளக்கினான். உங்களில் யாருக்குடா காதல் தோல்வி என்று கேட்டேன். "யாருக்கும் இல்லய்யா. காதல் வந்தாத்தானே தோக்கதுக்கு" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பெட்டி படுக்கையைத் தூக்கி வெளியே வைத்திருப்பேன். ஆனால் நாற்பத்தொரு நாள் சாமி, சாமி என்று கூப்பிட்ட வாய்க்கு 'டேய்' என்று கூப்பிட வரவில்லை. கிளியம்மாளும் குறுக்கே வந்து, "பேண்டோ கீண்டோ, மலைக்குப் போய்ட்டு வந்த புள்ளைங்கோ. வெரட்டினா நம்ம வூட்டுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே நாலு மாதத்துக்குப் பிறகு மீன் குழம்பு வைத்தாள். அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது.

இனிமேல்தான் தொல்லை. சாமி இல்லை என்று தெரிந்த பிறகு கூச்சம் விட்டுப்போய்விட்டது போல, வாசிப்பில் வேகத்தைக் கூட்டினார்கள். முதல் கேசட்டைத் தாங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், தங்கள் விமர்சகரைத் தவிர யாருமே கேட்கவில்லை. அப்படி ஒரு வேகம். எருமை பாலைப் பாதியாகக் குறைத்துவிட்டது. தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் தாம்பரம், வாலாஜாபாத் ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். ஸ்பீடு முள் நாற்பதைத் தாண்டியதில்லை. ஒரு கோழிக்குக்கூடக் கால் போனதில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் கட்டைவண்டி முனிரத்தினம். "டிரைவரே, எறங்கி நடந்தா உனக்கு முன்னாடி போய் சேந்துடுவோம் போலகீதே" என்று பின் சீட்டிலிருந்து குரல் வராத நாளே கிடையாது. மெதுவாகப் போவது தப்பு என்று இருபத்தெட்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு ரிட்டையரானவன் நான். எனக்குப் போய் இப்படி ஒரு வேகத்தில் குடித்தனக்காரர்கள் வாய்த்தார்கள்.

அதுவும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இங்கே கம்பெனிகளில் காண்ட்ராக்ட் முடிந்தால் நல்ல வேலைக்காரனாக இருந்தாலும் அனுப்பிவிடுவார்கள். வனமாமலைக்கு முடிந்தது, ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஆசீர்வாதத்துக்கு மறைமலை நகரில் வேலை, ஜாகையை அங்கேயே மாற்றிக்கொண்டான். பாண்டி மட்டும் அறையில் தங்கிவிட்டான். கிடாரைக் கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டினான், ஷிப்டுக்குப் போனான், வந்தான், தூங்கினான். எருமை பழைய இடத்துக்குத் திரும்பியது, பாலும் பழைய அளவுக்கு வந்தது. நிம்மதி என்றுதான் கன்னியப்பனிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வீடு வெறிச்சென்றிருந்தது. கிளியம்மாள் சாயங்காலமானால் கொட்டகைப் பக்கம் போய் அந்தக் கிடாரில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வருவாள்.

போன ஐப்பசியில் வனமாமலை அதே டிரம்மோடு திரும்பி வந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதுக் கம்பெனியில் வேலை. பாண்டியின் முகத்தில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு பல்லைப் பார்த்தேன். மறுபடியும் வாசிக்கலாம், இந்தத் தடவை சி.டி.யே போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, உதிரியாக வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எருமைத் தொட்டிமேல் பலகை போட்டு வைத்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். பாண்டி மறைமலை நகர்க் கம்பெனியில் முதல் ஷிப்ட், விடியற்காலை எழுந்து போனால் மூன்றேகாலுக்குத்தான் வீட்டில் கால் வைப்பான். வனமாமலை இரண்டாவது ஷிப்ட், இரண்டரைக்கே கிளம்பிவிடுவான், அவன் திரும்பும்போது பாண்டி தூக்கம். இரண்டு இடத்திலும் புது உற்பத்தி லைன் ஓட்டுகிறார்கள் என்று ஷிப்ட் மாற்றவே இல்லை, வார லீவிலும் ஓ.டி. என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே அறையில் குடியிருந்துகொண்டு இருவரும் முழித்த முகத்தோடு பார்த்துக்கொள்ளவே வழியில்லை. ஆசீர்வாதம் மாதம் ஒரு ஞாயிறு வருவான், அவர்கள் பதிவு செய்து வைத்ததன்மேல் வாசிப்பான், சாப்பிடுவான், போவான். முதல் நாள் சொன்ன 'சரணம் அய்யப்பா'வுக்குப் பிறகு அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆகவே பாண்டி சாயங்காலம் கிடாரைப் பதிவு செய்வான், வனமாமலை மறுநாள் காலையில் டிரம்மைப் பதிவு செய்வான். ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதை ஒரு சிலேட்டில் எழுதிக் கொட்டகையில் வைத்தார்கள். சிலேட்டை எருமை நக்கிவிட்டது. சாக்பீசில் என்ன ருசி கண்டதோ, எழுத எழுத நக்கியது. அதன் பிறகுதான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. ரிட்டையரானவன், இரண்டு பேரையும் முழித்த முகத்தோடு பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் பாண்டி சொன்னான்: "அய்யா, வனமாமலைட்ட ஒண்ணு சொல்லிருங்க. ரெண்டாவது பாட்டு நல்லா வந்துருக்கு, இன்னும் கொஞ்சம் வேகமா அடிச்சான்னா நல்லாருக்கும்." சரி என்று தலையாட்டினேன். அன்று பகலில்தான் படப்பை டாக்டர் கிளியம்மாளுக்குப் பிரஷர் இருக்கிறது, அதிர்ச்சி கூடாது என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் வனமாமலை பல் விளக்கிக்கொண்டு வந்து, "பாண்டி என்ன சொன்னாம்யா?" என்று கேட்டான். ஐயா, நான் பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் பழகின கால் தானாக பிரேக்கில் போய் நிற்கிற மாதிரி, என் வாய் தானாக, "கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொன்னான்பா" என்று சொல்லிவிட்டது. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "சரிய்யா" என்று போய்விட்டான். சாயங்காலம் பாண்டியிடம், "வனமாமலைக்கு இந்த அவசரம் புடிக்கலயாம். கிடாரை இழுத்து, நின்னு, நிதானமா வாசிக்கச் சொல்றான்" என்றேன். அவனும் என்னை ஒரு மாதிரி பார்த்தான், அவனும் சரி என்றான்.

இப்படி எட்டு மாதம் ஓடியது. இவன் வேகம் என்று சொல்லி அனுப்புவான், நான் மெதுவென்று சேர்ப்பேன். அவன் சத்தம் என்பான், நான் சத்தம் வேண்டாமாம் என்பேன். முதல் பாட்டு நாற்பதில் போனது என்றால் ஐந்தாவது பாட்டு படப்பை மார்க்கெட் நெரிசலில் பஸ் போகிற வேகத்துக்கு வந்துவிட்டது. எட்டாவது பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிளியம்மாள் வெற்றிலை மடித்துப் போட்டுவிடுவாள். அந்த இடைவெளியெல்லாம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஆசீர்வாதம் மாதா கோயிலில் வாசிக்கிற மாதிரி நீளநீளமாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எருமை பக்கத்திலேயே நின்று அசைபோட்டது, பால் ஒரு சொட்டுக் குறையவில்லை. பாண்டியும் உறுமலைக் குறைத்து, சன்னமான குரலில் பாடத் தொடங்கினான். அவனுக்கு இவ்வளவு நல்ல குரல் இருக்கிறது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

அந்த சி.டி.யைத்தான் தங்கள் விமர்சகர், "முதல் முயற்சியின் மூர்க்கத்தைத் துறந்து, காலத்தையே நிறுத்திவைக்கும் நிதானத்தைக் கண்டடைந்திருக்கிறார்கள், இந்த மெதுவே இவர்களின் அழகு" என்று எழுதியிருக்கிறார். இந்த வரியை நான் கிளியம்மாளுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மெதுவாகப் போவது அழகு என்று அச்சில் வந்ததை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிளியம்மாள் மட்டும், "அதான் பஸ்ஸுலயே பாத்தோமே" என்றாள்.

வேறு சில பிழைகளையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மூன்றாவது பாட்டில் "தொலைதூரத்து இடி" என்று எழுதியிருப்பது எருமை முதுகு அரித்துத் தகரத்தில் உரசுவது. ஆறாவதில் "பாதாளத்திலிருந்து எழும் மூச்சு" எங்கள் போர் மோட்டார் காற்று இழுப்பது, இந்தக் கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் வருகிற "பெயரற்ற ஒரு முதியவரின் பெருமூச்சு" அடியேனுடையது. அன்று கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தேன். பெயரற்ற என்று போட்டது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது, இனிஷியலோடு கோ. முனிரத்தினம்.

இவ்வளவும் தங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிறேன். பையன்களுக்குத் தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள். முறையான இசை ஏற்பாட்டாளர் என்று தாங்கள் தேடச் சொல்கிற ஆள் என்ன செய்வார்? இவன் வேகம் என்றால் வேகம் என்றே அவனிடம் சொல்லிவிடுவார். காரியம் கெட்டுவிடும். அதைவிட, ஐயா, சுற்றிவளைப்பானேன், அவர்கள் போய்விடக்கூடாது. ஒரு தடவை அந்தக் கொட்டகை சும்மா கிடந்ததைப் பார்த்துவிட்டோம், இன்னொரு தடவை பார்க்க எனக்கும் கிளியம்மாளுக்கும் தெம்பில்லை. இதை அவர்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் ஒரு வரி போட்டால் அச்சில் வந்ததற்கு மரியாதை கொடுத்து இருந்துவிடுவார்கள்.

தங்கள் பத்திரிகை தை பிறந்தால் பொங்கல் மலரும், ஐப்பசி வந்தால் தீபாவளி மலருமாக என்றும் குறைவில்லாமல் வரவும், தங்கள் விமர்சகருக்குக் காது நல்லபடியாக இருக்கவும், தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு எங்கள் ஆசியும் சேரவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கோ. முனிரத்தினம்
(ஓய்வுபெற்ற டிரைவர், விபத்தில்லாச் சான்றிதழ் பெற்றவர்)

பி.கு. புதன்கிழமை. ஒட்டாமல் கிடந்த கவரிலிருந்து கடிதத்தை எடுத்து இதை எழுதுகிறேன். மேலே கேட்ட திருத்தத்தைத் தயவுசெய்து போடவேண்டாம். நடந்தது இதுதான். திங்கள்கிழமை கவரை ஒட்டச் சொல்லிக் கிளியம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம இன்னாத்த எழுதிகினு இருந்தாரு, படி பாண்டி" என்று ஷிப்ட் முடிந்து வந்தவனிடமே நீட்டிவிட்டாள். நான் திரும்பி வரும்போது அவன் கடைசிப் பக்கத்தில் இருந்தான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அய்யா, நீங்க தூது போன மொத நாள்லேருந்தே நாங்க ரெண்டு பேரும் டெய்லி பாத்துக்கிடுதோம்லா. ரெண்டே முக்காலுக்கு என் கம்பெனி பஸ்ஸு கூட்டு ரோட்டுல எறக்கி விடும். மூணு மணிக்கு அவன் பஸ்ஸு ஏத்தும். நடுவுல டீக்கடைல கால் மணி நேரம்." அந்தக் கூட்டு ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸை நிறுத்தி, வருகிற போகிற ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு இது தோன்றவில்லை ஐயா. அப்படியானால் என் புளுகு என்று தெரியுமா என்றேன். "மொத நாளே தெரிஞ்சிட்டு. சரி, பெரிய மனுசன் சொல்லுதாரேன்னு நீங்க சொன்ன வேகத்துல ஒருக்கா வாசிச்சுப் பாத்தோம். பாட்டு அங்கனதான் இருந்துச்சு" என்றான். பிறகு ஏன்டா எட்டு மாதம் என்னிடம் வேகம், வேகம் என்றே சொல்லிவிட்டீர்கள் என்று கேட்டேன். "அப்படிச் சொன்னாத்தானே நீங்க மெதுவான்னு போய்ச் சொல்லுவிய." சிவப்புக் கோடு எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். இதைப் படித்துச் சிரிக்கட்டும் என்று வனமாமலைக்காகப் போட்டானாம். சென்னைக்குப் போனால் எருமைக்கு எங்கே போவது என்கிறான்.

ஆகவே தங்கள் வரி அப்படியே இருக்கட்டும். என் பெயரை மட்டும் திருத்தினால் போதும். அடுத்த சி.டி.க்கு வேலை தொடங்கிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வனமாமலை குளித்துவிட்டு, டிரம் குச்சிகளோடு என் முன்னால் வந்து நிற்கிறான். "அய்யா, புதுப் பாட்டுக்குப் பாண்டி எப்படி அடிக்கச் சொன்னாம்?" என்று கேட்கிறான். பாண்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் நான் சொல்லுகிறவரை அவன் நகரவில்லை. முள் நாற்பதைத் தாண்டினால் தாண்டட்டும், கொஞ்சம் வேகமாகவே அடிக்கச் சொன்னான் என்று சொல்லிவிட்டேன்.